பூசணி பூக்கிறது, காய் நிற்கவில்லை: பூவின் பாகங்களும் செடி வளரும் விதமும்

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் பூவின் நான்கு வட்டங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் எது எதற்கு என்று கேட்டால் முழிக்கிறாள். இன்னொன்று, மொட்டை மாடியில் வைத்த பரங்கிக் கொடி (நீங்கள் பூசணி என்று எழுதியிருந்தாலும் பரங்கி என்றே எடுத்துக்கொள்கிறேன், பூசணி என்றாலும் கதை ஒன்றுதான்) தினமும் பூத்துத் தள்ளுகிறது, பிஞ்சு நாலு நாளில் வெம்பி விழுந்துவிடுகிறது. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதற்கு மருந்துக்கடைப் பக்கம் போகவே வேண்டாம், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மகளிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ஒரு ஒற்றைச் செம்பருத்தி, ஒரு பிளேடு, ஒரு வெண்டைக்காய் போதும். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், அது ஏன் என்று அப்புறம் வரும்.

செம்பருத்தியைக் காம்பைப் பிடித்துக் கவிழ்த்துப் பாருங்கள். காம்பு கொஞ்சம் தடித்து முடியும் இடம்தான் பூத்தளம், எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒட்டி ஈர்க்கு மாதிரி மெல்லிய பச்சைத் துண்டுகள் ஆறேழு இருக்கும். அது செம்பருத்திக் குடும்பத்தில் அடிக்கடி காண்கிற கூடுதல் வட்டம், புறப்புல்லி என்பார்கள், பரீட்சைக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. அதற்குள்ளே ஐந்து பல் வைத்த பச்சைக் கிண்ணம், அதுதான் புல்லி வட்டம். புல்லுதல் என்றால் தழுவுதல் என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; மொட்டாக இருந்தவரை உள்ளே இருந்ததையெல்லாம் தழுவிக் காத்தது இதுதான். அடுத்து சிவப்பாக ஐந்து இதழ், அல்லி வட்டம். இதழின் ஒரு ஓரம் பக்கத்து இதழுக்கு மேலேயும் மறு ஓரம் அடுத்ததற்குக் கீழேயும் போவதைக் கவனியுங்கள், செம்பருத்தி மொட்டு மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இதழ்களைப் பிய்த்துவிட்டால் நடுவில் நீளமாக ஒரு குழாய் மட்டும் நிற்கும். பிள்ளைகள் பலரும் இந்த முழுக் குழாயையும் சூலகம் (பூவின் பெண் பாகம், நான்காவது வட்டம்) என்று குறித்து மதிப்பெண்ணை இழப்பார்கள். அது நிறைய மகரந்தத்தாள்களின் (பூவின் ஆண் பாகம், மூன்றாவது வட்டம்) கம்பிகள் ஒன்றாக ஒட்டி ஆன குழாய். மேல்பாதியில் நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறதே, ஒவ்வொரு நூலின் நுனியிலும் இருக்கும் மஞ்சள் உருண்டை மகரந்தப் பை. விரலால் தொட்டால் ஒட்டும் பொடி மகரந்தம். இப்போது பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே வெள்ளையாக ஒரு நூல் ஓடும், அது சூலகத்தண்டு. குழாயின் உச்சியைத் தாண்டி அது ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் வெல்வெட் மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு நிற்கும், அது சூலகமுடி. நூலைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் பச்சைக் கிண்ணத்தின் அடியில் சின்ன மணி ஒன்று இருக்கும், அது சூற்பை. குறுக்கே வெட்டினால் ஐந்து அறை, அறைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, அவை சூல்கள். சூல்கொண்ட மேகம் என்கிறோமே, அதே சூல்தான். (இலங்கைப் பாடநூல்களில் மகரந்தத்தாளைக் கேசரம், சூலகமுடியைக் குறி, சூலகத்தண்டைத் தம்பம் என்று போட்டிருப்பார்கள். இணையத்தில் தேடும்போது குழம்ப வேண்டாம், பொருள் ஒன்றுதான்.)

வீட்டுச் செம்பருத்தி பெரும்பாலும் காய்க்காது, கொம்பை வெட்டி வைத்துத்தான் வளர்க்கிறோம். இந்தச் சூற்பை என்னவாகும் என்று பார்க்க வெண்டைக்காய்தான் வசதி. வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம், பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா தங்கை என்று தெரியும். வெண்டைக்காயை வட்டமாக நறுக்கினால் ஐந்து அறை, அறைக்குள் வரிசையாக விதை. சற்று முன் செம்பருத்தியில் கண்ணை இடுக்கிப் பார்த்த அதே ஐந்து அறைதான், பெரிதாகியிருக்கிறது. சூற்பை காயானது, சூல் விதையானது. இந்த ஒரு வரியை அவள் கையால் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி உங்கள் அடுப்படியில் கிடக்கிறது. கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி, பூவாக இருந்தபோது இருந்த புல்லி வட்டம்தான், விழாமல் காயோடு நின்றுவிட்டது. மாதுளம்பழத்தின் கிரீடமும் அதுவே. கிராம்பு என்பது விரியாத மொட்டு. குங்குமப்பூ என்று கிராம் கணக்கில் விலை கொடுத்து வாங்குவது ஒரு பூவின் சூலகமுடியை, பூவுக்கு மூன்று இழைதான் கிடைக்கும். மக்காச்சோளக் கதிரின் தலையில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு சூலகத்தண்டு, ஒரு நூலுக்கு ஒரு முத்து. கதிரில் எங்காவது முத்து இல்லாமல் பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தால் அந்த நூலுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை என்று அர்த்தம். பலாச்சுளை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூவிலிருந்து வந்தது, தின்னாமல் ஒதுக்கும் சடை எல்லாம் கருத்தரிக்காத பூக்கள். வாழைப்பூவை ஆய உட்காரும்போது ஒரு பூவில் இரண்டு சாமானை எடுத்து எறிவோம் இல்லையா, தீக்குச்சி மாதிரி தலை வைத்த விறைப்பான நரம்பு ஒன்று, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு செதில் ஒன்று. அந்த நரம்பு, அதாவது எங்கள் வீட்டில் கள்ளன் என்பது, சூலகத்தண்டும் முடியும். செதில் ஒரு இதழ். கள்ளனைச் சுற்றி நிற்கும் மெல்லிய ஐந்து மகரந்தத்தாள். அடுத்த முறை மகளையும் கூட உட்கார வையுங்கள், வேலையும் குறையும்.

எல்லாப் பூவிலும் நான்கு வட்டமும் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. காகிதப்பூவில் கலர் கலராக இருப்பது இதழே இல்லை, நிறம் மாறிய இலை. உண்மையான பூ நடுவில் குச்சி மாதிரி நிற்கும் வெள்ளைக் குழல். சூரியகாந்தி ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டம். செவ்வந்தியும் அப்படித்தான். அத்தி பூத்தாற்போல என்கிறோம், பாவம் அத்தி தவறாமல் பூக்கத்தான் செய்கிறது, பூவையெல்லாம் காய் மாதிரி ஒரு பைக்குள் வைத்து மூடிக்கொள்கிறது. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்பனை எத்தனை வருஷம் நின்றாலும் நுங்கு தராது.

இங்கேதான் உங்கள் பரங்கிக் கொடி வருகிறது. அது ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்: ஆண் பூ நீளமான மெல்லிய காம்பில் நிற்கும், பெண் பூவின் அடியில் குட்டி உருண்டையாகப் பிஞ்சு ஒன்று இருக்கும். அந்தப் பிஞ்சு காய் இல்லை, வெறும் சூற்பை. செம்பருத்தியில் சூற்பை கிண்ணத்துக்குள் மேலே உட்கார்ந்திருந்தது, பரங்கியில் இதழுக்குக் கீழே தொங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பூ வரும்போதே பிஞ்சோடு வருவதால் நம்மாட்கள் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். நாலு நாளில் அது மஞ்சளாகி விழும்போது உரம் போதவில்லை, கண் பட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம். மகரந்தம் வந்து சேரவில்லை, பெரும்பாலும் அவ்வளவுதான் சங்கதி. பரங்கி மகரந்தம் பெரியது, ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் பறக்காது. தேனீயோ வண்டோ காலில் சுமந்து போக வேண்டும். மூன்றாவது மாடிக்கு அவை சரியாக வருவதில்லை, அதிலும் நீங்கள் பூச்சிமருந்து அடித்ததாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

சரி, மகரந்தம் சூலகமுடியில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாடநூல் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடும், எனக்கு மொத்தப் பாடத்திலும் பிடித்த இடமே இதுதான். ஒட்டியிருக்கும் ஈரத்தில் மகரந்தத்தூள் முளைக்கிறது, விதை வேர் விடுகிற மாதிரி ஒரு குழல் விடுகிறது. அந்தக் குழல் சூலகத்தண்டுக்குள் இறங்கி, மக்காச்சோளத்தில் ஒரு சாண் நீளத்துக்கும் மேலே பயணம் செய்து, சூலின் மேலே இருக்கும் ஊசித் துவாரம் போன்ற ஒரு துளையைக் கண்டுபிடித்து உள்ளே போகிறது. குழலுக்குள் இரண்டு ஆண் செல்கள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது சும்மா போவதில்லை, சூலின் நடுவில் காத்திருக்கும் இன்னொரு செல்லோடு சேர்ந்து அந்தக் கருவுக்கு உணவாக ஆகப் போகிற திசுவை உண்டாக்குகிறது. பிள்ளையும் பிள்ளைக்குச் சோறும் ஒரே நேரத்தில். இரட்டைக் கருவுறுதல் என்கிற இதை 1898இல் கீவ் நகரில் செர்கே நவாஷின் என்ற தாவரவியலாளர் கண்டு சொன்னார். சோறு தனியாக முன்கூட்டி ஆக்கி வைப்பதில்லை, கரு உண்டானால்தான் சோறு. செடிக்கு இருக்கும் இந்தச் சிக்கனம்தான் உங்கள் பிஞ்சு விழுவதற்கும் காரணம்: உள்ளே விதை ஆகவில்லை என்றால் அந்தக் காய்க்குச் செலவு செய்ய அது தயாராக இல்லை, காம்போடு கழற்றிவிடுகிறது. நெல்லில் இதையே பதர் என்கிறோம். நெல் பூ காலையில் கொஞ்ச நேரம்தான் வாய் திறந்திருக்கும், அந்த நேரம் பார்த்து மழை அடித்தால் பதர் விழும்.

அந்தச் சோறு எது என்று மகள் கேட்டால் இளநீரைக் காட்டுங்கள். தென்னங்குரும்பை வளர்ந்து முதலில் உள்ளே தண்ணீர், அப்புறம் வழுக்கை, அப்புறம் பருப்பு. மூன்றும் ஒரே திசுதான், கருவுக்கான உணவு. கரு எங்கே என்றால், தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் ஆணியால் குத்தினால் இறங்குமே, அதற்கு நேர் உள்ளே சின்னதாக இருக்கிறது. மூன்று கண்ணும் மூன்று சூலிலைகளின் (சூலகத்தை உருவாக்கும் பாகங்கள்) மிச்சம், பிழைப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சாலையோரம் தேங்காய்ப்பூ என்று விற்கிறார்களே, அது பூவே கிடையாது. முளைத்த கருவின் வித்திலை, அதாவது விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலை, உள்ளே பஞ்சு மாதிரி பெருத்து, தண்ணீரையும் பருப்பையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, நாம் நடுவில் புகுந்து தின்கிறோம்.

உளுந்தில் கதை கொஞ்சம் வேறு. விதை முற்றுவதற்குள்ளேயே கரு அந்தச் சோற்றை இழுத்துத் தன் இரண்டு வித்திலைகளில் கட்டிக்கொள்கிறது. உளுத்தம்பருப்பு, துவரம்பருப்பு எல்லாமே உடைத்த வித்திலைகள்தான். வேர்க்கடலையை இரண்டாகப் பிளந்தால் ஒரு முனையில் மூக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் வேரும் குருத்துமாகப் போகிற பகுதி. கொஞ்சம் கண்ணை வைத்துப் பார்த்தால் அதில் மடித்து வைத்த இரண்டு குட்டி இலைகூடத் தெரியும். விதை தண்ணீர் குடித்து உப்பி, முதலில் முளைவேர் வெளியே வந்து மண்ணைப் பிடித்த பிறகுதான் குருத்து மேலே வரும். உங்கள் பரங்கி முளைத்தபோது முதலில் வந்த தடித்த வழவழப்பான இரண்டு இலையும் வித்திலைகள், அதற்கு அப்புறம் வந்த சொரசொரப்பானவைதான் நிஜ இலை. நெல்லுக்கும் பனைக்கும் வித்திலை ஒன்றுதான். வெளியே வைரம் பாய்ந்தவை புல், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலை என்று ஒரே பக்கத்தில்தான் வைக்கிறது.

பிறகு செடி செய்வதெல்லாம் ஒரே வேலைதான். தண்டின் நுனியில் ஊசிமுனை அளவு செல் கூட்டம் ஒன்று இருக்கிறது, அது இலை, இலை, இலை என்று போட்டுக்கொண்டே மேலே போகும். ஒரு நாள் அதற்குச் செய்தி வருகிறது, அத்தோடு இலை போடுவதை நிறுத்திப் பூ போட ஆரம்பிக்கும். வாழையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நாம் வாழைமரம் என்பது இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று சுற்றிய சுருள், நிஜத் தண்டின் நுனி கிழங்கில் மண்ணுக்கடியில் இருக்கிறது. பூக்கும் காலம் வந்ததும் அந்த நுனி பூவாக மாறி, சுருளின் நடுவே மேலே ஏறித் தாராக வெளியே தள்ளுகிறது. பொரியல் செய்யும் வாழைத்தண்டு இப்படி ஏறி வந்த காம்புதான், குலை தள்ளாத வாழையில் அந்தத் தண்டைத் தேடினால் கிடைக்காது. நுனியே பூவாகிவிட்டதால் இனி இலை போட ஆள் இல்லை, தார் வெட்டினால் மரம் முடிந்தது, பக்கக்கன்றுதான் தொடரும். குறிஞ்சியும் 12 வருஷம் இலை இலையாகவே இருந்து, ஒரே ஒரு முறை மலையெல்லாம் நீலமாகப் பூத்துவிட்டுச் செத்துப்போகிறது. 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030.

செய்தி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இலையிலிருந்து, அதுவும் இரவின் நீளத்தை அளந்து. கோடையில் எவ்வளவு வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலையை வைத்துக்கொண்டு, பகல் நீளம்தான் காரணம் என்று அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் 1920இல் காட்டினார்கள். இலையிலிருந்து நுனிக்குப் போகும் அந்தச் சரக்குக்கு 1930களில் சோவியத் விஞ்ஞானி சைலாக்யான் ஃப்ளோரிஜன் என்று பெயர் வைத்தார், அது இன்ன புரதம் என்று பிடிபட 2007 ஆகிவிட்டது. நம் விவசாயிக்கு இதன் பலன் எப்போதோ தெரியும். பழைய சம்பா ரகத்தை முன்னே பின்னே விதைத்தாலும் பகல் குறையும் காலம் வந்தால்தான் கதிர் வாங்கும். செவ்வந்தித் தோட்டங்களில் ராத்திரி பல்பு எரிய விடுவதும் இதற்குத்தான், இரவைத் துண்டாக்கிச் செடியை ஏமாற்றிப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இப்போது அடுக்குச் செம்பருத்திக்கு வருவோம். ஒன்றைப் பறித்து இதழ் இதழாகப் பிரியுங்கள். உள்ளே போகப் போக இதழ் சிறிதாகிக் கோணலாகும், சிலவற்றின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மகரந்தப் பை தொத்திக்கொண்டிருக்கும். பாதி இதழ், பாதி மகரந்தத்தாள். மகரந்தத்தாளாக வேண்டியவை வழிமாறி இதழாகிவிட்டன, அடுக்கு ரோஜாவும் இதே கேஸ்தான். பூவின் பாகங்கள் எல்லாம் உருமாறிய இலைகளே என்று 1790இலேயே ஜெர்மன் கவிஞர் கதே எழுதினார், கவிஞர் பேச்சு என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால் எள் வயலில் பூவிலை நோய் வந்தால் போய்ப் பாருங்கள், தத்துப்பூச்சி பரப்பும் நுண்ணுயிரியால் பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாகக் குட்டி இலைக் கொத்து நிற்கும், புல்லி, அல்லி, சூலகம் எல்லாம் இலையாகத் திரும்பியிருக்கும். 1991இல் கோயன், மேயரோவிட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு கணக்கே போட்டார்கள். மூன்று வகை மரபணுக்கள், ஏ, பி, சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி, ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி, பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி மட்டும் என்றால் சூலகம். சி கெட்டுப்போனால் மகரந்தத்தாள் இடத்தில் இதழ் வரும், பூ அடுக்கடுக்காகும். நமக்கு அது அழகு, செடிக்கு வம்சம் போச்சு. ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு தேவையில்லை, ஆனால் அவளே கேட்டால் சொல்லுங்கள்.

மாடிக்கு வருவோம். நாளைக்குக் காலையில் ஆறரை ஏழு மணிக்குள் இரண்டு பேரும் மேலே போங்கள், பரங்கிப் பூ விடியலில் திறந்து வெயில் ஏறினால் மூடிவிடும். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து இதழைக் கிழித்துவிட்டால் நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு நிற்கும், அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூலகமுடியில், எல்லா மடலிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். சுரைக்காயும் பீர்க்கும் வைத்தால் சாயங்காலம் போக வேண்டும், அவை பொழுது சாயும்போது பூப்பவை. வெனிலா கிட்டத்தட்ட உலகம் முழுக்க இப்படிக் கையால்தான் காய்க்க வைக்கப்படுகிறது, 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த வழி, உங்கள் மகள் வயதுதான். ஆரம்பத்தில் ஆண் பூவாகவே வந்தால் பதற வேண்டாம், பரங்கிக்கு அது வழக்கம். பெண் பூ அதிகம் வர விவசாயிகள் இரண்டிலைப் பருவத்திலிருந்து வாரம் ஒருமுறையாக நாலு தடவை, பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை மில்லி எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கலந்து அடிப்பார்கள். நான்கு தொட்டிக்கு அது வேண்டாம் என்பேன். பூச்சிமருந்தை, அது வேப்பெண்ணெயே ஆனாலும், பூ திறந்திருக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

தடவிய பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டி, தடவாத பெண் பூ ஒன்றையும் அடையாளத்துக்கு விட்டுவையுங்கள். நாலாம் நாள் ஒன்று தலை தொங்கிப் பருக்க ஆரம்பித்திருக்கும், மற்றது மஞ்சளாகியிருக்கும். விழுந்த பிஞ்சைத் தூக்கி எறியாமல் மகளிடம் கொடுத்துக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள், உள்ளே சூல்கள் பருக்காமல் அப்படியே இருக்கும்.